மெழுகில் மிஞ்சியது

கடைசிக் குளியலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சந்திரம்மாவின் கை பாதியில் நின்றது. கணவரின் விலாவுக்குக் கீழே தொடங்கி வயிறுவரை ஓடிய தழும்பை விரலால் தொட்டாள்.

"இங்கேருந்து எடுத்தாங்களே, அது எங்கடி?"

மகள் வித்யாலட்சுமி அப்பாவின் தோளிலிருந்த சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். முழுசா இல்லாம அனுப்பினா அந்த மனுஷன் அலைவாரு. போயி வாங்கினு வா."

"ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

"ஆஸ்பத்திரில மெழுகுல போட்டு வச்சிருக்காங்கன்னு அவரே சொன்னாரு."

அப்பா இதை அம்மாவிடம் சொல்லியிருப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

ஜெயராமன் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவர். புற்றுக்கட்டியோடு ஒரு சிறுநீரகத்தை எடுத்த பிறகு ஒரு வருடம் நன்றாகத்தான் நடமாடினார். பிறகு நுரையீரலிலும் கட்டி தெரிந்தது. வீட்டிலிருந்தே விழுங்கும் மாத்திரை, அல்லது மூன்று வாரத்துக்கொருமுறை போய் நரம்பில் ஏற்றிக்கொள்ளும் ஊசி என்றார்கள். அவருக்கு மாத்திரைதான் இஷ்டம். எந்தக் கட்டி எந்த மருந்துக்குக் கேட்கும் என்று, எடுத்து வைத்த துண்டிலிருந்தே முன்கூட்டிக் கணிக்கும் ஆராய்ச்சி ஒன்று அந்த ஆஸ்பத்திரியிலேயே நடந்துகொண்டிருந்தது. "இன்னும் உறுதியாகாத டெஸ்ட். இதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீங்க" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அவருடைய கட்டி ஊசிக்குக் கேட்கும் வகை என்று முடிவு வந்தது. வித்யாலட்சுமி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாள்.

"டெஸ்ட்டே சொல்லுதுப்பா."

"ஒரு பீஸ் பாத்துட்டு லாட் பூரா ஓகேன்றாங்க" என்று சிரித்தார் அவர். "நாங்களும் அப்பிடித்தான் பாஸ் பண்ணுவோம். சிலது திரும்பி வரும்." ஆனாலும் அவளுக்காகக் கையை நீட்டினார்.

நாலாவது ஊசிக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் எலும்புக்கும் போயிருந்தது. மாத்திரைக்கு மாற்றியபோது, அதைத் தாங்க உடம்பில் ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் மிச்சத் துண்டையும் ஆராய்ச்சிக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "எங்க தப்பாச்சுன்னு பாக்கட்டும்" என்றார். சாட்சிக் கையெழுத்து அவளுடையது. பேனாவை அவளிடம் கொடுத்தபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் குரல் அவளைத் தனியாக விடவேயில்லை. பஸ்ஸில், குழாயடியில், பாதித் தூக்கத்தில் கேட்டது. எங்க தப்பாச்சு? அவர் உயிரோடு பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருந்தபோதே கேட்டது.

தம்பி சீனு அவளை ஓரமாக அழைத்தான். "மூணு மணிக்குத் தூக்கணும். ஒரு தபா போயிட்டு வந்துடுக்கா. இல்லன்னா அம்மா எடுக்க விடாது."

ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவிலிருந்த மௌரீனுக்கு அவளைத் தெரியும். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் எதையோ கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டம். அதில் வெள்ளை மெழுகு. மெழுகுக்குள் நகத்தளவு பழுப்பு. ஓரத்தில் ஒரு நம்பர்.

"இவ்ளோதானா?"

"டெஸ்ட்டுக்கு நெறைய சீவி எடுத்தாச்சு வித்யா. ஃபேமிலி கேட்டா குடுத்துடுவோம். இங்க சைன் பண்ணாப் போதும்."

வித்யாலட்சுமி அதைக் கையில் எடுத்தாள். கனமே இல்லை. காலையிலிருந்து ஜில்லென்றிருந்த அப்பாவைத் தொட்டுத் தொட்டு மரத்துப் போயிருந்த விரல்களுக்கு அது வெதுவெதுப்பாகப் பட்டது.

"இத வச்சுப் பாத்தா, எங்க தப்பாச்சுன்னு தெரியுமா?"

மௌரீன் சட்டத்தின் ஓரத்திலிருந்த நம்பரைத் தொட்டுக் காட்டினாள். "தெரியலாம். நூறு பேரோடத சேத்துப் பாக்கணும். வருஷக்கணக்காவும். ஆனா இதுல பேரு இல்ல, நம்பர்தான். உங்களுக்குன்னு யாரும் போன் பண்ணிச் சொல்லமாட்டாங்கம்மா."

பக்கத்து அறையில் ஏதோ இயந்திரம் ஓடி நின்றது. பேனா படிவத்தின் மேலேயே கிடந்தது. வித்யாலட்சுமி மெழுகுத் துண்டை மேஜையில் வைத்து, மௌரீன் பக்கம் மெதுவாகத் தள்ளினாள்.

"அப்பா குடுத்தது. இருக்கட்டும்."

மர்பி டவுனில் வீட்டுத் தெருவில் பூ கட்டிய வண்டி தயாராக நின்றது. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வித்யாலட்சுமி அவள் காதருகே குனிந்தாள்.

"அங்கயே எரிச்சிட்டாங்களாம்மா. ஆபரேஷன் பண்ணப்பவே."

சந்திரம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சீனுவிடம், "எடுங்கப்பா" என்றாள்.

ஆண்கள் தகனம் முடித்துத் திரும்பிக் குளித்தார்கள். வீடு கழுவியாயிற்று. விளக்கேற்றும் நேரம். உறவுக்காரர்கள் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வித்யாலட்சுமி தெருக் கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாத" என்றாள் அம்மா, சுவரோரத்திலிருந்து.

"கொசு வரும்மா."

"வரட்டும். ராத்திரி பூராவும் தொறந்தே இருக்கட்டும்."

வித்யாலட்சுமி திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

வந்தவர்களின் செருப்புகள் வாசற்படியை அடைத்துக்கொண்டு கிடந்தன. வித்யாலட்சுமி குனிந்து, ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, கால் வைக்க வழி விட்டு ஓரமாக அடுக்கினாள்.