கூறையின் நிறம்

மனைவியின் படம் ஒன்றுகூடக் கையில் இல்லாத புருசன் ஸ்காபரோவில் யூட்சன் ஒருவனாகத்தான் இருப்பான். போன் களவு போகவில்லை, தண்ணீரில் விழவும் இல்லை. அவனே கட்டிலில் இருந்துகொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, எல்லாவற்றையும் அழித்தான்.

அவள் பெயர் ஸ்டெபனி. ரங்கூன்காரி. நாலு தலைமுறையாகப் பர்மாவில் வேர்விட்ட தமிழ்க் குடும்பம். அரச ஆஸ்பத்திரியில் தாதி வேலை. வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்து இவன் ரொறன்ரோவிலிருந்து போனான். அவள் யாத்திரைக் கூட்டத்தோடு ரங்கூனிலிருந்து வந்தாள். கொடியேற்றத்து நெரிசலில் அவளுடைய ஒற்றைச் செருப்பு தொலைந்தது. தேடிக் கொடுக்கப் போனவன் பிறகு கனடாவுக்குத் திரும்பி வந்தும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவனுக்குப் பெண் பார்த்தே களைத்துப்போயிருந்த அக்கா, வேதக்காரப் பிள்ளை என்றால் போதும், பர்மாவோ சீனாவோ கட்டித் தொலை என்று சொல்லி, மார்க்கம் ரோட்டுக் கடையில் தானே கூறைச் சேலை வாங்கிக் கொடுத்தனுப்பினாள்.

2020 மாசியில் ரங்கூனில் கலியாணம். பதினெட்டு நாள் சேர்ந்திருந்தார்கள். பதினெட்டே நாள். அவளைக் கனடாவுக்குக் கூப்பிடக் கடதாசி போடுகிறேன் என்று இவன் விமானம் ஏறியதும் கொரோனா வந்து உலகத்தின் கதவுகளை எல்லாம் சாத்தியது. கலியாணப் பதிவுத் துண்டு கைக்கு வரவே ஒரு வருசம் போயிற்று. அது வந்த கையோடு, அடுத்த மாசி முதலாம் திகதி, சனங்கள் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த தலைவியை இராணுவம் விடியப்புறமாக வந்து பிடித்துக்கொண்டு போயிற்று.

ரங்கூன் தெருவுக்கு வந்தது. ஸ்டெபனியும் அவளோடு வேலை செய்தவர்களும் இராணுவத்தின் கீழ் வேலை செய்யமாட்டோம் என்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறினார்கள். முதலில் கண்ணீர்ப்புகை, பிறகு துப்பாக்கி வெடி. சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் மறித்து, போனை வாங்கி நோண்டுகிறார்கள் என்று செய்தியில் பார்த்த அன்று யூட்சன் பயந்துபோனான்.

அந்தப் பயம் பழையது. அவனுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றிவளைப்பு. ஆமி ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டது என்று கேட்டதும் அம்மா போட்டோ அல்பத்தைத் தூக்கி அடுப்புக்குள் போட்டார். ஆமி தேடிக்கொண்டிருந்த அண்ணனுடைய படம் அகப்படக்கூடாது என்பதற்காக. அண்ணன் தப்பினான். செத்துப்போன அப்பாவின் முகமும் அதோடு எரிந்துபோனது. ஆமி வந்தால் முதலில் படத்தை இல்லாமல் செய்ய வேண்டும் என்பது யூட்சனுக்கு அன்றைக்கே எலும்பில் ஏறிவிட்டது.

"ஒண்டும் வைச்சிருக்காதையும். படம், மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சுவிடும்," என்றான் அவளிடம். அவள் சரிங்க என்றாள். அன்றைக்கே தன்னுடைய போனையும் துடைத்து வைத்தான்.

பங்குனியில் கடதாசி வேலைக்கு அன்புராசா அண்ணையிடம் போனான். பிளாசா ஒன்றின் மேல்மாடியில் இருந்துகொண்டு, பாதி ஸ்காபரோவுக்கு இமிகிரேசன் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தவர் அவர். பதிவுத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இது மட்டும் காணாது, கலியாணப் படம் இருபதாவது வேண்டும், இருவரும் கதைத்த மெசேஜ் வேண்டும், இல்லாவிட்டால் பொய்க் கலியாணம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். யூட்சன் நடந்ததைச் சொன்னான்.

அன்புராசா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவ அழிச்சது சரி, தம்பி. நீர் ஏன் அழிச்சனீர்? ஸ்காபரோவில எந்த ஆமி வந்து உம்மட போனைப் பாக்கப்போறான்?"

இவ்வளவு நாளும் அந்தக் கேள்வி யூட்சனின் மூளைக்கு எட்டவே இல்லை. இருபது வருசமாகக் கனடாவில் வரி கட்டுகிறவன், எக்ளிங்டன் பஸ்ஸில் நித்திரை தூங்குகிறவன், அவளுடைய முகத்தைத் தன் கையாலேயே அடுப்பில் போட்டிருக்கிறான். வெட்கத்தில் காது சுட்டது. அக்காவிடமாவது அனுப்பியது இருக்காதா என்று அண்ணை கேட்டார். அக்காவைக் கெஞ்சி அதையும் அழிக்க வைத்தவன் இவன்தான்.

சத்தியக் கடதாசி ஒன்று எழுதிப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. எங்கே சந்தித்தீர்கள், என்ன கதைத்தீர்கள், கலியாணத்தன்று யார் யார் வந்தார்கள், எல்லாம் விபரமாக எழுத வேண்டும். யூட்சன் பள்ளிக்கூடத்திலும் அவ்வளவு எழுதியதில்லை. அவள் சோற்றைப் பிசையாமல் விரல் நுனியால் எடுப்பது, கோபம் வந்தால் பர்மியப் பாசைக்கு மாறுவது, நித்திரையில் அவனுடைய சேர்ட் நுனியைப் பிடித்திருப்பது. இமிகிரேசனுக்குத் தேவையில்லாததை எல்லாம் எழுதினான். எழுத எழுத அவள் வேண்டும் போலிருந்தது. பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் போலிருந்தது.

கலியாணக் கூறை என்ன நிறம் என்று எழுத வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. சிவப்பு என்று எழுதினான், வெட்டினான். அக்காவைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஸ்டெபனியுடைய குரலைக் கேட்க ஒரு சாட்டுக் கிடைத்ததே.

அங்கே டேட்டாவை எல்லாம் நிறுத்திவிட்டிருந்தார்கள். போன் கோல் மட்டும் போகும், அதுவும் போனால்தான். இங்கே காலை ஒன்பதரை, அங்கே இரவு எட்டு. ஏழாவது தடவையில் அவள் எடுத்தாள். பின்னால் ஊரே சட்டியும் தகரமும் தட்டிக்கொண்டிருந்தது. தினமும் எட்டு மணிக்கு அப்படித்தான் தட்டி, பேயை விரட்டுவதுபோல் இராணுவத்தை விரட்டுகிறார்களாம். சத்தம் ஓய்ந்தது. அவளுடைய மூச்சு கேட்டது. அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

கூறையின் நிறத்தைக் கேட்டான்.

"மறந்துட்டீங்களா? பச்சைங்க. மாம்பழக் கலர்ல கரை. உங்க கை அந்தக் கரை மேலதான் இருக்கு."

"எப்பிடி இவ்வளவு வடிவாச் சொல்லுறீர்?"

"பாத்துக்கிட்டேதான் சொல்றேன்."

ஊர்வலப் படங்களை அன்றைக்கே அழித்துவிட்டாளாம். கலியாணப் படங்களை அழிக்க மட்டும் கை வரவில்லையாம். யூட்சனுக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்தது, அடுத்த நிமிசம் பயமும் பிடித்தது. டேட்டா வந்ததும் அதை அனுப்பும், ஃபைலைப் போட்டுவிடுவேன், சுறுக்காக இங்கே வந்துவிடலாம் என்று ஒரே மூச்சில் சொன்னான்.

அவள், ஊர்வலத்தில் வெடிபட்ட பிள்ளைகளை வீடுகளில் ஒளித்து வைத்து வைத்தியம் பார்ப்பதாகச் சொன்னாள். தாதிமார் நாலு பேர்தான். இதற்குள் ஒருத்தி கிளம்பினால் மற்ற மூன்று பேர் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். இப்போது வரமுடியாது என்று அவள் சொல்லவில்லை. அவன் விளங்கிக்கொண்டான்.

"ஆமி போனைப் பாத்தால் என்ன செய்வீர்?" என்றான். அவனுக்கு வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

"முந்தாநாள் பாத்துட்டாங்க. சின்னப் பையன்தான், துப்பாக்கி அவனை விடப் பெரிசு. நம்ம படத்தைப் பாத்து இது யாருன்னான். வீட்டுக்காரருன்னேன். எங்க இருக்காருன்னு கேட்டான்."

"என்ன சொன்னனீர்?"

"வந்துக்கிட்டு இருக்காருன்னு சொன்னேன்."

யூட்சன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். ஓம், வாறன் என்று சொல்லத்தான் நினைத்தான். அதைச் சொல்லாமல், வெட்டிய சிவப்புக்கு மேலே பச்சை என்று எழுதினான். லைன்ல இருக்கீங்களா, இருக்கீங்களா என்று அவள் அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.