ஷூ கடிக்கிறது

பள்ளியை விட்டபின் நான் எங்கும் போனதில்லை. மார்கழியில் ஏலகிரி ஏறப்போகும் குழுவில் சேர ஆசைப்பட்டேன். “கூட ஒரு பொண்ணு வந்தா போ” என்றாள் அம்மா. எதிர்வீட்டு ஷபீனா வருவதாகச் சொன்னாள். இருவரும் ஒரே மாதிரி கான்வாஸ் ஷூ வாங்கினோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஷபீனா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவளுடைய அம்மா என்னை நிறுத்தினார்.

“காலைலதான் நிக்காஹ் தேதி குறிச்சோம். இனிமே அவ வாசப்படி தாண்டக் கூடாது. மலை வெயில்ல கறுத்துக்கினு வந்தா மாப்ள வூட்ல இன்னா சொல்வாங்க? அவளாண்ட நீ ஒண்ணும் சொல்லாதம்மா. ராத்திரி அவ அத்தா சொல்லிக்குவாரு.”

உள்ளே ஷபீனா புது ஷூவோடு கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

“கடிக்குதுடி. இன்னிக்கே பழக்கிட்டா மலையில தொந்தரவு இல்ல. பெருங்களத்தூர்ல பஸ் எப்போ?”

“விடியறதுக்கு முன்னாடி” என்றேன்.

குனிந்து, அவள் ஷூ கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிவிட்டேன்.