கை தூக்காவிட்டால்

போன ஞாயிற்றுக்கிழமை டெலியா போனில் பேசியபோது பின்னால் யாரோ பூட்ஸ் காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். அதனால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். அந்த இராணுவக் கல்லூரியில் முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாள்தான் போன். அதுவும் வரிசையில் நின்று.

“அப்பா, சனிக்கிழமை கூடைப்பந்து ஆட்டம் இருக்கு. எங்களை மொத்தமா கூட்டிட்டுப் போய் நிக்க வெப்பாங்க. யார்கிட்டயும் பேசக் கூடாது. நீ வா.”

“பேசவே முடியாதுன்னா நான் எதுக்கும்மா வரணும்?”

“சொல்றதக் கேளு. எங்க ஆளு ஃப்ரீ த்ரோ போடுறப்ப நாங்க கத்த மாட்டோம். எல்லாரும் வலது கையைத் தூக்கிட்டு சத்தமில்லாம நிப்போம். நான் தூக்கலைன்னா, எனக்கு இங்க முடியலன்னு வெச்சுக்க. ஆட்டம் முடிஞ்சதும் எங்களைப் பாத்துக்கற கேப்டன்கிட்ட சொல்லிட்டு வந்துருவேன். வாசல்லயே நில்லு.”

“தூக்கினா?”

“தூக்கினா நீ வீட்டுக்குப் போ.”

எனக்குக் கூரை வேலை. சனிக்கிழமை மதியம் வரை ஒரு வீட்டுக்குத் தார் அட்டை அடித்துவிட்டு, அந்தச் சட்டையோடே பிக்கப்பை எடுத்தேன். பக்கத்து இருக்கையில் கிடந்த ஆணி டப்பா, சுத்தியல் எல்லாவற்றையும் பின்னால் தூக்கிப் போட்டு, இருக்கையைத் துடைத்து வைத்தேன். அவள் அம்மா தாம்பா நகரத்தில் வேறொருவரோடு இருக்கிறாள். ஆகஸ்டில் டெலியாவைக் கல்லூரியில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் நான் மட்டும்தான். பேச்சுச் சத்தத்துக்காக டிவியை ஓடவிட்டுச் சாப்பிடுகிறேன். அவள் கை கீழேயே கிடக்கட்டும் என்று நினைத்தபடிதான் வண்டியை ஓட்டினேன். பெற்ற மகள் தோற்றுத் திரும்ப வேண்டும் என்று எந்தத் தகப்பனும் நினைக்கக் கூடாது. நான் நினைத்தேன்.

கேடட்டுகள், அந்தக் கல்லூரிப் பிள்ளைகள், நிற்கிற வரிசைகளுக்கு எதிர்ப்புறம் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்தால்தான் முகம் தெரியும். ஆனால் அது வெளியூர் அணிக்காரர்களின் பக்கம். சுற்றிலும் சிவப்புச் சட்டை. பக்கத்தில் இருந்த அம்மாள் என் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன பெரியவரே, எங்க சிவப்பும் இல்ல, அவங்க நீலமும் இல்ல. நீங்க எந்தக் கட்சி?”

“தார்க் கட்சி. வேலையிலிருந்து நேரா வரேன்.”

சிரித்தாள். பெயர் ரோண்டா என்றாள். ஆட்டக்காரர்களில் உயரமானவன் அவள் அக்கா மகனாம். எதிரே கையை நீட்டினாள். “அங்க பாருங்க, முட்டைக் கடையில அடுக்கி வெச்ச மாதிரி நிக்குதுங்க. அதுல எது ஆணு எது பொண்ணுன்னு பெத்தவளுக்கே தெரியாது.”

நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அவள் சொன்னது நிஜம். பையன்களுக்கு மழித்த தலை. பெண்களுக்கும் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிற உடை, ஒரே நிற்பு. வரிசை வரிசையாகத் தேடினேன். என் பிள்ளை அகப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரோண்டாவின் அக்கா மகன் யாரையோ இடித்துத் தள்ளினான். நடுவர் விசில் ஊதினார். உள்ளூர்ப் பையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் வளையத்தில் எறிய. அவன் கோட்டில் போய் நின்றதும் எதிர்ப்பக்கம் சட்டென்று அடங்கியது. அத்தனை வலது கையும் மேலே போயிற்று.

ஒன்றைத் தவிர. மூன்றாம் வரிசையின் ஓரத்தில், ஒல்லியாக ஓர் உருவம். அதன் கை மட்டும் மேலே வரவில்லை.

எழுந்துவிட்டேன். ரோண்டாவின் சோளப்பொரியைத் தட்டிவிட்டேன். “மெதுவாப் போங்க, யாரும் தொரத்தல,” என்று அவள் சொன்னது முதுகில் கேட்டது. வளையத்துக்குப் பின்புறமாகச் சுற்றி நடந்தேன். முட்டி வலிகூடத் தெரியவில்லை. சீக்கிரம் வாசலுக்குப் போய் நிற்கலாம், முதலில் நான் வந்திருப்பதை அவள் பார்க்கட்டும் என்று தோன்றியது.

அருகே போனபோதுதான் தெரிந்தது, அது ஒரு பையன். உடைந்த வலது கையைக் கட்டுப்போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தான். வெறும் சட்டைக் கை தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பியோரம் நின்ற மூத்த மாணவன் ஒருவன் குறுக்கே வந்தான். “சார், இதுக்கு மேல கேடட்டுங்க மட்டும்தான்.”

“டெலியா ப்ரூயிட். என் பொண்ணு. எங்க நிக்கிறான்னு மட்டும் சொல்லு தம்பி.”

“இப்ப சொல்ல முடியாது சார். அவங்களுக்குத்தான் தண்டனை விழும்.”

முதல் எறி முடிந்து, வழுக்கிய தரையைத் துடைக்க ஆட்டம் நின்றிருந்தது. இப்போது நடுவர் பந்தை மறுபடி எறிகிற பையனிடம் கொடுத்தார். இரண்டாவது எறி. மறுபடியும் நிசப்தம், மறுபடியும் கைகள். அப்போதுதான் பார்த்தேன். கைக்கட்டுப் பையனுக்கு இரண்டு வரிசை மேலே, ஒரு காதுக்குப் பின்னால் வெள்ளைத் தழும்பு. நான்கு வயதில் என் கூரைத் தகரத்தில் இடித்துக்கொண்டது. கூந்தல் இருந்தவரை அதை யாரும் பார்த்ததில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. பார்வை பந்து வளையத்திலேயே இருந்தது.

கை மேலே இருந்தது. தோளிலிருந்து விரல்நுனிவரை ஒரு வளைவு இல்லை.

பந்து விழுந்தது. எல்லாக் கைகளும் ஒரே வீச்சில் கீழே வந்தன, கூச்சல் கிளம்பியது. அவள் கை மட்டும் இறங்கவில்லை.

“ப்ரூயிட், கை. தூங்குறியா?” என்று கத்தினான் அந்த மூத்தவன்.

அப்புறம்தான் இறக்கினாள். என் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. என் குரல் கேட்டு எனக்காகத்தான் அப்படியே வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

சுற்றிக்கொண்டு என் இடத்துக்கே திரும்பினேன். கீழே சிந்திய பொரியைக் காலால் ஒதுக்கிவிட்டு ரோண்டா நகர்ந்து இடம் விட்டாள்.

“உங்க பிள்ளை அங்க இருக்கா?”

“பொண்ணு.”

“பாத்தீங்களா?”

“பாத்தேன். இங்கயே இருக்கப் போறாளாம்.”

“நல்லதுதானேங்க,” என்றாள்.

“நல்லதுதான்.”

அவள் மிச்சப் பொரியை என் பக்கம் நீட்டினாள். ஒரு கை எடுத்துக்கொண்டேன். ஆட்டம் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. வீட்டுக்குப் போக எனக்கு எந்த அவசரமும் இல்லை.