மூன்றாவது ஆள்

தேனுஜா அந்த அணியோடு போனது கணுக்கால்களுக்குப் பட்டி சுற்றவும், இழுத்துக்கொண்ட தசைகளைப் பிடித்துவிடவும்தான். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு எலும்பு மருத்துவரின் நிலையத்தில் அவள் இயன்முறைச் சிகிச்சையாளராக வேலை பார்த்தாள். வயது முப்பத்தாறு. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எந்த விளையாட்டிலும் இறங்கியதில்லை. பள்ளிக்கூடத்திலும் விளையாட்டுப் பாடத்தன்று அவளுக்கு அடிக்கடி தலையிடி வந்துவிடும்.

சொந்த நாடில்லாத இனங்களும், நாடென்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சப்படுகிற அளவுக்குச் சிறிய தீவுகளும் சேர்ந்து நடத்திய விளையாட்டு விழா அது. அது இரண்டாவது தடவை. முதல் தடவை வேறெங்கோ மழையில் தொடங்கிப் பாதியில் நின்றுபோயிற்றாம். இந்த முறை கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்திலிருந்த ஒரு சிறு நகரம் தன் மைதானத்தையும், விடுமுறைக்குப் பூட்டியிருந்த பள்ளிக்கூடத்தையும் விட்டுக்கொடுத்தது. அணிகள் வகுப்பறைகளில் படுத்தன. ஊர்த் தீயணைப்புப் படையினர் பெரிய அண்டாக்களில் நூடுல்ஸ் அவித்துப் போட்டார்கள்.

தமிழ் அணியில் ஜெர்மனி, நோர்வே, சுவிஸ் என்று பல இடத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். என்ன கொடி பிடிப்பது என்று நாலைந்து கூட்டம் வைத்துச் சண்டை பிடித்து, கடைசியில் மஞ்சள் துணியில் ‘தமிழ்’ என்று மட்டும் எழுதிக்கொண்டு அணிவகுப்பில் போனார்கள். தலைமை தாங்கியவர் ஸ்ரீஸ்கந்தராஜா. முப்பது வருடம் இரும்பாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். காற்பந்துக் கழகம், கோவில் திருவிழா, பிள்ளைகளின் ஓட்டப்போட்டி என்று எதையாவது இழுத்துப் போட்டுக்கொள்ளாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. தேனுஜாவை அணிக்குள் இழுத்ததும் அவர்தான்.

பதக்கம் என்று எல்லோரும் நம்பியிருந்தது மிதுசாவை. கொலோனில் படித்துக்கொண்டிருந்த பெண். எண்ணூறு மீட்டர் ஓடுபவள். இரண்டு குளிர்காலம் விடிய முன்னம் எழும்பி ரைன் ஆற்றங்கரையில் ஓடியிருக்கிறாள். அவளுடைய காலை அந்த வாரம் முழுக்கத் தேனுஜாதான் பார்த்துக்கொண்டாள். அதிகம் கதைக்காத பிள்ளை. வலித்தால்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள்.

மிதுசாவின் ஓட்டம் இருந்த நாள் காலை, தமிழ் அணியின் கூடாரத்துக்கு வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் வந்தார். வட அத்லாந்திக் கடலிலுள்ள பாரோ தீவுகளின் அணிப் பயிற்றுநர். ஜெர்மன் நன்றாகப் பேசினார்.

“பெண்கள் குண்டெறிதலில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்,” என்றார். “மூன்று பேர் இல்லாவிட்டால் போட்டியே இல்லை என்கிறார்கள். எல்லாக் கூடாரத்திலும் கேட்டுவிட்டேன். உங்களிடம் யாராவது இருக்கிறார்களா?”

ஸ்ரீஸ்கந்தராஜா கூடாரத்துக்குள் ஒருமுறை கண்ணைச் சுழற்றினார். பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஏதோவொரு போட்டி இருந்தது. பார்வை தேனுஜாவிடம் வந்து நின்றது.

“பிள்ளை, நீங்கள் போடுவியளோ?”

“என்னண்ணை பகிடி விடுறியள்? எனக்கு ஏலாது. நான் குண்டைக் கையில தூக்கினதே இல்லை.”

“தூரமாப் போடச் சொல்லி ஆர் கேட்டது? போட்டாக் காணும்.”

“வேற ஆரையும் பாருங்கோ.”

பயிற்றுநருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, உயரமான ஒரு பெண் நின்றுகொண்டிருந்ததைத் தேனுஜா அப்போதுதான் கண்டாள். ரன்வா என்று பெயர். பதினெட்டு வயதிருக்கும். கப்பலில் கடலைக் கடந்து, பிறகு பேருந்தில் நாள் முழுக்க இருந்து வந்தவள். குண்டு வழுக்காமலிருக்கக் கைகளில் சுண்ணாம்புத் தூள் பூசி முடித்திருந்தாள்; போட்டி நடக்குமா என்று தெரியாமலே ஆயத்தமாகி வந்திருக்கிறாள்.

“எங்கள் தீவில் நான் தனியாகத்தான் எறிவேன்,” என்றாள் ரன்வா, தட்டுத் தடுமாறிய ஜெர்மனில். “இங்கே வந்தும் தனியாக எறிய விருப்பமில்லை.”

தேனுஜா பட்டிச் சுருளைக் கீழே வைத்தாள். ஏன் ஒத்துக்கொண்டாள் என்று பிறகு பலர் கேட்டார்கள். அந்தப் பிள்ளை கெஞ்சவில்லை, அதுதான் காரணமாக இருக்கலாம் என்று மட்டும் சொல்வாள்.

விதி சுலபமானதுதான். ஆளுக்கு மூன்று எறி. ஒரு எறியாவது செல்லுபடியாக வேண்டும். மூன்று பேரில் ஒருவர் அதையும் தவறவிட்டால் போட்டி கணக்கில் சேராது. தேனுஜா இரவல் விளையாட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றாள். மற்றவள் ஹான்கா என்ற சோர்பியப் பெண், கிழக்கு ஜெர்மனியின் சிறுபான்மை இனத்தவள். நல்ல சிரித்த முகம். குண்டைக் கழுத்தோடு எப்படி வைப்பதென்று அவள்தான் காட்டித் தந்தாள்.

முதல் எறியில் தேனுஜா நிலை தடுமாறி முன்கட்டையைத் தாண்டி வெளியே விழுந்தாள். சிவப்புக் கொடி. இரண்டாவது தடவை குண்டு ஒழுங்காகப் போய் விழுந்தது. ஆனால், அப்பாடா என்று வட்டத்தின் முன்பக்கத்தாலேயே நடந்து வெளியேறிவிட்டாள். மறுபடி சிவப்புக் கொடி.

“பின்பக்கத்தால்!” என்று ஹான்கா கத்தினாள். “முடிந்ததும் பின்பக்கத்தால் வெளியே வரவேண்டும்!”

இதற்கிடையில் ரன்வா இரண்டு எறி எறிந்திருந்தாள். அவள் வட்டத்துக்குள் போனால் சுற்றி நின்றவர்கள் கதையை நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு கணத்தில் சுழன்று திறந்துகொள்ளும். குண்டு எங்கேயோ போய்ப் புல்லைக் கிழிக்கும். இரண்டாவது எறி அவள் அதுவரை எறிந்ததில் ஆகத் தூரம்; பயிற்றுநர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அதெல்லாம் நிற்பதும் அழிவதும் இனித் தேனுஜாவின் கையில் இருந்தது.

தன்னுடைய வேலையில் அவள் பதறியதில்லை. இங்கே வெறும் இரும்பு உருண்டை ஒன்று அவளைப் பதற வைத்தது. வட்டத்துக்குள் போய், குளிர்ந்த இரும்பைத் தாடைக்குக் கீழே அழுத்தி, முழங்காலை மடித்து எழும்பித் தள்ளினாள். குண்டு பக்கத்திலேயே, பெரிய மனது பண்ணி எல்லைக்கோட்டுக்கு உள்ளே விழுந்தது. தேனுஜா அசையாமல் நின்றாள். பிறகு கண்ணாடித் துண்டுகளில் நடப்பவள்போல ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்து வெளியேறினாள்.

வெள்ளைக் கொடி.

ரன்வா ஓடிவந்து அவளைத் தூக்கிவிட்டாள். ஐந்து மீட்டரைச் சற்றே தாண்டிய எறிக்கு அப்படியொரு கொண்டாட்டத்தை அந்த மைதானம் பார்த்திருக்காது.

பின்னேரம் மிதுசா ஓடினாள். கடைசி வளைவு வரை மூன்றாவதாக வந்தாள். பிறகு ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு பாஸ்க் பெண்ணும் பிரான்சிலிருந்து வந்த ஒரு பிரெத்தோன் பெண்ணும் அவளைத் தாண்டிப் போனார்கள். ஐந்தாமிடம். தன் வாழ்நாளில் அவள் ஓடிய ஆகக் குறைந்த நேரம் அது. இரண்டு விநாடிக்கு மேல் குறைத்திருந்தாள். புல்லில் குப்புறக் கிடந்தவளின் கெண்டைக்காலைத் தேனுஜா பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதுதான், பதக்க மேடைக்கு வரச்சொல்லித் தேனுஜாவின் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தார்கள்.

“நான் போகேல்லை அண்ணை,” என்றாள் தேனுஜா, பக்கத்தில் நின்ற ஸ்ரீஸ்கந்தராஜாவிடம்.

“விசர்க்கதை கதையாதேங்கோ. அந்தத் தீவுப் பிள்ளை முதலாவதா மேல நிக்கேக்க கீழ ஒரு படி வெறுமையா இருக்கிறதோ?”

அவள் போனாள். கழுத்தில் வெண்கலம் விழுந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா படம் எடுத்தார். எடுத்த கையோடு நாலு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியும் விட்டார். அந்த விழாவில் தமிழ் அணிக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அதுதான்.

தேனுஜா திரும்பி வந்தபோது மிதுசா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“வாழ்த்துகள் அக்கா.”

“மற்றக் கால் இன்னும் செய்யேல்லை. நீட்டும்.”

“பரவாயில்லை. இப்ப நோகேல்லை.” சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போனாள். போகும்போது லேசாக நொண்டினாள்.

வீடு திரும்புவதற்குள் படம் எல்லா இடமும் போய்விட்டது. உலக அரங்கில் தமிழ்ப் பெண்ணுக்கு வெண்கலம் என்று ஒரு இணையத் தொலைக்காட்சி போட்டது. எத்தனை பேர் எறிந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த தூரத்துச் சித்தப்பா ஒருவர், சின்ன வயதிலேயே அவளுக்குக் கை பலம் என்று குரல் பதிவு அனுப்பினார். அவர் அவளைக் கண்டதேயில்லை.

அடுத்த மாதம் கெல்சென்கிர்ச்சனில் மண்டபம் எடுத்துப் பாராட்டு விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் மிதுசாவும் அவளுடைய தாய் கமலாம்பிகையும் இருந்தார்கள். தேனுஜா ஒலிவாங்கியைப் பிடித்து நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

“மூண்டு பேர்தான் எறிஞ்சது. நான் மூண்டாவது. முதல் ரெண்டு எறியும் பிழை. அதுதான் உண்மை.”

மண்டபம் சிரித்தது. பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று யாரோ சொல்வது கேட்டது. முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அவளுக்குக் காது சூடேறியது. “மிதுசா ஓடினதுதான் ஓட்டம்,” என்று அவளுடைய நேரத்தைச் சொன்னாள். அந்த எண் அங்கே யாருக்கும் ஒன்றையும் சொல்லவில்லை. மரியாதைக்காகக் கொஞ்சப் பேர் தட்டினார்கள். மிதுசா மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. ‘அக்கா, நீங்கள் என்னைப் பற்றி மேடையில சொன்னது எனக்குப் பிடிக்கேல்லை. ஆறுதல் பரிசு மாதிரி இருந்தது.’

தேனுஜா மூன்று பதில் எழுதி மூன்றையும் அழித்தாள். பிறகு ‘ஓம், விளங்குது. மன்னியும்’ என்று மட்டும் அனுப்பினாள். அதற்கு மறுமொழி வரவில்லை.

இலையுதிர்காலம் முழுக்க வரவில்லை. மார்கழியில் ஒருநாள் திடீரென்று தொலைபேசியில் மிதுசா. “அக்கா, பின்தொடை இழுக்குது. இங்க சிகிச்சைக்கு நேரம் எடுக்கிறதெண்டால் தை முடியவேணும். உங்களிட்ட டெர்மின் ஏதும் இருக்கோ?”

“நாளைக்கு வாரும்.”

மறுநாள் மிதுசா சிகிச்சை நிலையத்தின் படுக்கையில் குப்புறக் கிடந்தாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்:

“இன்னும் ஆக்கள் உங்களைப் பாராட்டினமோ?”

“போன கிழமையும் பேக்கரியில ஒராள் கையைப் பிடிச்சுக் குலுக்கினவர்.” விரல்கள் தொடையில் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தன. “உமக்கு ஒண்டு சொல்லட்டோ? சிரிக்கக் கூடாது. நான் இப்ப புதன்கிழமையில குண்டு போடப் போறனான்.”

“எங்க?”

“இஞ்ச ஒரு விளையாட்டுக் கழகத்தில. எல்லாரும் ஐம்பது அறுபது வயசு. நான்தான் இளம் ஆள், நான்தான் கடைசி.”

மிதுசா சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். தேனுஜாவும் சேர்ந்து சிரித்தாள். “ஏன் அக்கா?” என்று கேட்டபோது மட்டும் அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“கையை விட்டுப் போகேக்க நல்லாயிருக்கு,” என்றாள். “நாள் முழுக்க நான் ஆக்களைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறன்.”

சித்திரையில் பக்கத்து நகரத்தில் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான மூத்தோர் தடகளப் போட்டி நடந்தது. அவளுடைய வயதுப் பிரிவில் ஒன்பது பேர். தேனுஜா ஆறு மீட்டரைத் தாண்டினாள், ஒன்பதாவதாக வந்தாள். மிதுசா பாதையோரம் குளிரில் கைகளை இடுக்கிக்கொண்டு நின்றாள். முடிந்ததும் இரண்டு பேரும் சிற்றுண்டிக் கடையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி, காருக்குள் ஏறி, சூட்டைக் கூட்டி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.