ஓடையைத் தாண்டும் சுரம்

டீக்கடைக்குக் கிளம்பும்போதே கண்ணையன் சந்திரவல்லிக்குக் கெடு வைத்துவிட்டுப் போனார். "இந்தா பாரு ஆத்தா, நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள சோணை இந்த ஸ்கேலைச் சரியா ஊதணும். இல்லேன்னா நாளையிலருந்து வகுப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். பழையபடி காதால கேட்டே வாசிச்சுக்கிறோம்."

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கொட்டகையில்தான் கண்ணையனின் பேண்டு செட் குடியிருந்தது. சோணை அதில் டிரம்பெட் ஊதுபவர். அவர்களுக்கு இசை நோட்ஸ் பார்த்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்க வந்தவள் சந்திரவல்லி. மதுரையில் படித்து, முறையாகப் பரீட்சை எழுதித் தேறியவள். ஒரு பொம்பளை வந்து பேண்டுக்காரனுக்குப் பாடம் சொல்வதா என்று ஊரெல்லாம் இதே பேச்சு. பேச்சைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, வகுப்பு நின்றுபோனால்தான் கவலை. அவள் படித்த படிப்புக்குப் போடியில் திறந்திருந்தது இந்த ஒரு கொட்டகைக் கதவுதான்.

அன்றைய பாடம் ஹார்மோனிக் மைனர் என்ற ஸ்கேல், சாதா மைனர் சுரவரிசையிலிருந்து சற்றே மாறிய ஒன்று. கொட்டகை நீளத்துக்கு, அரைச்சுரத்துக்கு ஒன்றாகச் சுண்ணாம்புக் கோடு கிழித்து, ஸ்கேலில் வரும் எட்டுச் சுரத்துக்கும் எட்டு ஏலக்காயை அந்தந்தக் கோட்டில் வைத்திருந்தாள். முதல் ஆறும் சாதா மைனரில் இருக்கிற மாதிரியேதான். ஏழாவதை மட்டும் அரைச்சுரம் தூக்கி, எட்டாவதுக்கு ஒட்டினாற்போல வைத்திருந்தாள். அதனால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே மூன்று அரைச்சுரத்துக்கு அகலமாக ஒரு வெற்றிடம் விழுந்திருந்தது.

"ஏழாவது பக்கத்துல வந்து நின்னாத்தான் கடைசிச் சுரம் வா வான்னு இழுக்கும், சோணை அண்ணே. தள்ளி நின்னா பாட்டு வீடு போய்ச் சேராது" என்று ஆர்மோனியப் பெட்டியில் இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினாள்.

சோணைக்கு வித்தியாசம் காதில் நன்றாகவே விழுந்தது. டிரம்பெட்டை வாயில் வைத்தால்தான் வம்பு, ஏழாவது பழையபடி கீழே இறங்கிவிடும். அது போதாதென்று, அவள் திரும்புவதற்குள் ஏழாவது ஏலக்காயையும் பின்னுக்கு நகர்த்தியிருந்தார்.

"ஏண்ணே நகட்டுனீக?"

"எட்டிக் கெடந்துச்சு டீச்சரம்மா. நெரவி விட்டேன்."

சோணைக்குப் பிழைப்பு மலை எஸ்டேட்டில், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில். தட்டில் காயைப் பரப்பும்போது இடைவெளி விழுந்தால் சூடு சீராக ஏறாது. வெற்றிடத்தைக் கண்டால் கை தானாகப் போய் நிரவிவிடும். கண்ணையனும் பேண்டு செட் வைப்பதற்கு முன்னால் அதே ஸ்டோரில் கிடந்தவர்தான்.

சந்திரவல்லிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நறுக்கென்று தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள், வயதில் மூத்தவர் என்பதால் சோணை தப்பித்தார். திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. பழகிப்போன கையோடு மல்லுக்கட்டி ஜெயிக்கவும் முடியாது. ஆனாலும் விடுவதாக இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அண்ணே, குரங்கணி மலைப்பாதையில ஏலக்கா மூட்டையோட வருவீகளே, ஓடை வந்தா எப்படித் தாண்டுவீக?"

"ஒரே எட்டுதான். அக்கரை விளிம்புல காலை வச்சு, அங்கிட்டு சின்னதா இன்னொரு எட்டு. மேடேறிரலாம்."

"நடுவுல ஒரு கால் வச்சுக்கிறது?"

"மூட்டை நனைஞ்சா கங்காணி தோலை உரிச்சிருவான்!"

சந்திரவல்லி ஏழாவது ஏலக்காயை அதன் கோட்டிலேயே திரும்ப வைத்தாள். வெற்றிடத்தில் வளைத்து வளைத்துச் சுண்ணாம்பால் தண்ணீர் வரைந்தாள்.

"இதான் ஓடை. மூட்டை உங்க தலையில. பாடிக்கிட்டே நடங்க."

முதல் நடையில் கால் ஓடைக்குள்ளேயே இறங்கியது, குரலும் கூடவே இறங்கியது. "போச்சு, நனைஞ்சிருச்சு. திரும்ப!" என்றாள். மறுபடியும் இறங்கியது. "திரும்ப!" வேர்த்து வடிந்தது சோணைக்கு. அவள் விடவில்லை. கடைசியில் கால் எட்டி விழுந்தது, குரலும் எட்டி விழுந்தது. அப்படியே டிரம்பெட்டை எடுத்து ஊதினார். ஏழாவது சுரம் வாசலில் நின்று, ஒரே சின்ன எட்டில் உள்ளே நுழைந்தது. சந்திரவல்லிக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணையன் வந்தார். "எங்க, ஊது பாப்போம்" என்றபடியே தரையைப் பார்த்தார். வரிசையில் ஒரு இடைவெளி. அவர் கால் கட்டைவிரல் தானாக நீண்டு, ஏழாவது ஏலக்காயைப் பின்னுக்கு நெட்டித் தள்ளியது.

"அண்ணே, காலை எடுங்க! அது ஓடை!" என்று சோணை போட்ட சத்தத்தில் தகரமே அதிர்ந்தது.

கண்ணையன் காலைத் தூக்கியது தூக்கியபடி நின்றார். சோணை ஸ்கேலை முதலிலிருந்து ஊதினார். பிசகே இல்லை. கண்ணையன் குனிந்து ஏலக்காயை எடுத்து, எந்தக் கோடு என்று சந்திரவல்லியிடம் கேட்டு, அங்கேயே வைத்தார்.

"நாளைக்கு வெரசா வந்துரு ஆத்தா," என்றார். "நானும் நடந்து பாக்கணும்."