முன்னாலா, பின்னாலா

...சத்தியமாக, இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்ததில்லை, அந்த டயர் அவ்வளவு வழுக்கை, ஈ ஒன்று வந்து உட்கார்ந்து கால் சறுக்கித் தரையில் விழுந்தது, விழுந்த ஈயைப் பார்த்ததும்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் காரை டயர்க்கடைக்கு ஓட்டிவந்தார். நாளை காலை இதே காரில் மகளையும் ஐந்து மாதக் குழந்தையையும் மலைக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும், பதினெட்டு வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று... காற்றில் டயர் பிடிக்குமா? டயர்க்கடை நாற்காலியின் விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தார், முழுதாக உட்கார்ந்தால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல. எதிரே அவருடைய கார் ஜாக்கியின் மேல் ஒரு பக்கம் தூக்கி நின்றது. கையிலிருக்கும் காசுக்குப் பழசு நாலு வரும், இல்லையென்றால் புதுசு இரண்டு வரும் என்று சொல்லிவிட்டு டயர்க்காரர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழசே போடுங்க மாமா, டயர் என்ன பாலா திரிஞ்சு போறதுக்கு என்று மச்சினன் காலையில் சிரித்திருந்தான், அவனுக்கென்ன, அவன் எதற்கும் பயந்ததில்லை, கல்யாணத்துக்குக்கூடப் பயப்படாதவன்.

பழைய டயர்கள் நாலும் மை பூசிக்கொண்டு புது மாப்பிள்ளைபோல மினுங்கின. அவர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார், பக்கவாட்டில் நாலு எண்கள், 0914, முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் வருஷம், ஆக இந்த ரப்பர் பிறந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், பத்தாம் வகுப்புப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்... நகத்தால் மையைச் சுரண்டினார், அடியில் மெல்லிய விரிசல்கள், கிழவன் கழுத்தைப்போல. நல்லவேளை பார்த்தோம். பார்க்காமல் வாங்கியிருந்தால்? பார்த்தும் வாங்கிய எத்தனை பேர் இப்போது எந்தெந்த வளைவில்... வேண்டாம், புதுசு இரண்டு போதும் என்றார்.

முன்னாடியா பின்னாடியாண்ணே என்று டயர்க்காரர் கேட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுவதும் அவரே அல்லவா இப்படிக் கேட்பவர், லென்ஸை மாற்றி மாற்றி, இது தெளிவா, இதுவா, பதில் சொல்லத் தடுமாறுகிறவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரிப்பவர், இப்போது முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முன்னால் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்குமே, ஸ்டியரிங் கேட்குமே, ஆனால் பின்னால்தானே அவள் உட்காருவாள், மடியில் குழந்தை...

டயர்க்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "பின்னாடி போடுங்கண்ணே. முன்சக்கரம் வழுக்குனா ஸ்டியரிங் உங்க கையில சொல்லிரும். பின்சக்கரம் வழுக்குனா யாரும் சொல்ல மாட்டாங்க. வண்டி வந்த வழியப் பாத்துத் திரும்பி நிக்கும், அப்பதான் தெரியும்."

சரி, பின்னால்தான். யாரும் சொல்ல மாட்டார்கள்... போன மாதம் மழையில் ஏழாவது வளைவில் வண்டி ஒருச்சாய்ந்து சரளைக்கல்லில் இறங்கியபோது மகளும் ஒன்றும் சொல்லவில்லை, அப்பா மெதுவா என்றுகூடச் சொல்லவில்லை, மடியிலிருந்த குழந்தையை மார்புக்குத் தூக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன, பாதையைப் பார்க்கவில்லை, அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டயர்தாம்மா சறுக்கிடுச்சு, வேறொண்ணுமில்ல என்று அவர்தான் சொன்னார், வீட்டிலும் அதையே, கடைக்கு வந்தவர்களிடமும் அதையே, இருபது தடவையாவது இருக்கும். சறுக்கியதா? சறுக்கினால் ஒரு இழுப்பு இருக்குமே, கையில் தெரியுமே, ஸ்டியரிங் சொல்லியிருக்குமே... ஒன்றும் சொல்லவில்லையே. வளைவு இருக்கும் இடத்தில் அவர் நேராகப் போயிருந்தார். அங்கே வளைவைக் காட்டும் மஞ்சள் பலகை ஒன்று உண்டாம், ஆளுயரம், மனைவி சொன்னாள், அவர் பார்த்த ஞாபகமில்லை. எதிர்ச் சுவரில் டயர் விலைப்பட்டியல் தொங்கியது, கடைசி வரியைப் படித்துப் பார்த்தார், இடது கண்ணைப் பொத்தினார், வலது கண்ணைப் பொத்தினார், இது தெளிவா, இதுவா... கையை மெல்ல இறக்கி, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

நாளை காலை என்பது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது, மகளும் குழந்தையும் அவர் காருக்குக் காத்திராமல் பஸ்ஸில் ஏறிப் போய் அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது.