திங்கட்கிழமை பாட்டில்

என் நாத்தனாரைப் போன வருடம் இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டவள் நான்தான். அந்தப் புண்ணியத்தைத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

ஆய்வகக் கூட்டத்தில் பத்துப் பேர் பார்க்க, திரையிலிருந்த என் படத்தைக் காட்டிக் கேட்டாள்:

"அண்ணி, பக்கத்துக் கோடும் மங்குதே?"

நான்கு வருட உழைப்பு அந்தப் படம். செல்லிலுள்ள ஒவ்வொரு புரதமும் அதில் ஒரு கோடாக விழும். செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வை ஒரே ஒரு முறைதான் நகலெடுக்க வேண்டும். அதற்கு அனுமதி கொடுக்கும் புரதம் ஒன்றை நான் கண்டுபிடித்தேன். நகலெடுப்பு தொடங்கியதும் செல் அதன்மேல் ஓர் அடையாளத்தை ஒட்டி, அதை மட்டும் அரைத்துத் தள்ளிவிடுகிறது. விட்டுவைத்தால் மறுபடியும் நகலெடுக்கச் சொல்லும். நகலெடுக்கும் செல்களில் அந்தப் புரதத்தின் கோடு காணாமல் போவதை என் படம் காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பக்கத்துக் கோடு வேறொரு புரதம், அது மங்கக் கூடாது; மங்கினால் எல்லாமே அழிகிறது என்று அர்த்தம். மங்கியிருந்தது. நானும் பார்த்திருந்தேன், கண்டுகொள்ளவில்லை.

எங்கள் பேராசிரியருக்குக் கத்தரி என்று பெயர். எதைக் கொடுத்தாலும் வெட்டுவார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாக் காட்டுங்க. இல்லேன்னா இந்தக் கட்டுரை வெளிய போகாது."

வராந்தாவில் அவளைப் பிடித்தேன். "இதை வீட்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்ல நீங்க என்கிட்ட பேசறீங்களா?"

அவளே தொடர்ந்தாள். "செல்லை உடைக்கிற கரைசலை எப்பக் கலந்தீங்க?"

"திங்கட்கிழமை. ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கலந்துடுவேன்."

"தடுப்பு மருந்தையும் சேர்த்தா? அது தண்ணியில ஒரு மணி நேரம் தாங்கினாலே பெருசு அண்ணி."

செல்லை உடைத்தால் உள்ளிருக்கும் வெட்டும் புரதங்கள் வெளியே வந்து கண்டதையெல்லாம் கடித்துக் குதறும். அதைத் தடுக்கத்தான் அந்த மருந்து. சாதாரண செல்களைத் திங்கட்கிழமை உடைப்பேன், நகலெடுக்கும் செல்களைப் புதன்கிழமை. புதன்கிழமைக்குள் மருந்து செத்திருக்கும். மருந்து டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. படித்ததில்லை.

வியாழக்கிழமை ஒரே மேசை முன் நின்றோம். நகலெடுக்கும் செல்களில் பாதியை என் திங்கட்கிழமை பாட்டில் கரைசலில் உடைத்தேன், மீதியை அவள் அப்போதுதான் கலந்த கரைசலில் உடைத்தாள். ஐஸ் பெட்டியை நகர்த்தக்கூட ஒருவரையொருவர் கேட்கவில்லை. அவள் தோற்க வேண்டும் என்று மனதாரச் சபித்தேன்.

மறுநாள் காலை படம் வந்தது. என் பாதியில் எல்லாக் கோடுகளும் குதறப்பட்டுக் கிடந்தன. அவள் பாதியில் பக்கத்துக் கோடு கல் மாதிரி நின்றது. என் புரதத்தின் கோடு மட்டும் அடியோடு காணவில்லை. செல் அதை மட்டும் தேடிப் பிடித்து அழித்திருந்தது.

கத்தரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீங்க சொன்னது சரிதாம்மா," என்றார் என்னிடம். பிறகு அவளிடம் திரும்பினார். "இந்தப் படம்தான் போகும். கட்டுரையில உன் பேரு முதல்ல வரட்டும், உங்க அண்ணி பேரு அடுத்து."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

"அந்த பாட்டிலைக் கொட்டிடவா அண்ணி?"

"நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம். நானே கொட்டிக்கிறேன்."

தொட்டியில் கவிழ்த்தேன். என் முடிவு தப்பாகப் போயிருந்தால்கூட ஒருநாள் அவளை மன்னித்திருப்பேன்; அதைச் சரியென்று அவளே காட்டிவிட்டாளே.